மட்டக்குதிரைக்கு வீட்டிலேயே செயற்கைக் கருவூட்டல்: வீட்டாரின் பங்கு எது, மருத்துவரின் பங்கு எது?

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வீட்டை ஒட்டிய புல்வெளியில் ஒன்றிரண்டு மட்டக்குதிரைகளை வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம். வெல்ஷ், கோனமாரா, நியூ ஃபாரஸ்ட், டார்ட்மூர், ஷெட்லாந்து என இனங்கள் பல. தோள் உயரம் 148 சென்டிமீட்டரைத் தாண்டாதவை என்பது பொதுவான அளவுகோல். பிள்ளைகள் ஏறிப் பழகிய பெண்குதிரைக்குச் சவாரி வேலை குறையும்போது, அதனிடமிருந்து ஒரு குட்டி எடுக்கலாமே என்ற ஆசை அந்தக் குடும்பங்களில் இயல்பாக எழுகிறது. முன்பெல்லாம் பொலிக்குதிரை நிற்கும் பண்ணைக்குப் பெண்குதிரையை வண்டியில் ஏற்றிச் சென்று, வாரக்கணக்கில் விட்டுவைக்க வேண்டியிருந்தது. இப்போது நாட்டின் மறுகோடியில் இருக்கும் பொலிக்குதிரையின் விந்து, ஒரு குளிர்பெட்டியில் மறுநாள் காலை வாசலுக்கே வந்துவிடுகிறது.

இதன் நன்மைகள் வெளிப்படை. பெண்குதிரைக்குப் பயணம் இல்லை. பொலிக்குதிரையிடம் உதையோ கடியோ வாங்குவதில்லை. சேர்க்கையின்போது தொற்றும் நோய்களின் அபாயம் குறைகிறது. பால்குடிக் குட்டியோடு தாயை அலைக்கழிக்க வேண்டியதும் இல்லை. இவற்றையெல்லாம் பார்க்கும் உரிமையாளர், அப்படியானால் முழுவதையும் நானே வீட்டில் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். குட்டி கிடைப்பதும் கிடைக்காததும் அதற்கு முந்தைய சில நாட்களின் கணிப்பையும், பிந்தைய 11 மாதப் பராமரிப்பையும் பொறுத்தே அமைகின்றன. வீட்டார் தங்கள் முழுக் கவனத்தையும் செலவிட வேண்டிய இடங்கள் அவைதான்.

நூற்றாண்டைக் கடந்த முறை

ரஷ்ய உயிரியலாளர் இல்யா இவானோவ் 1901இல் குதிரைகளுக்கான செயற்கைக் கருவூட்டல் நிலையத்தைத் தொடங்கினார். உலகில் அத்தகைய முதல் நிலையம் அது. இயற்கைச் சேர்க்கையில் ஒரு பருவத்துக்கு இருபது, முப்பது பெண்குதிரைகளுக்கே போதுமான ஒரு பொலிக்குதிரை, இந்த முறையில் நூற்றுக்கணக்கானவற்றுக்குப் போதும் என்பதை அவருடைய பணி காட்டியது.

மட்டக்குதிரை வளர்ப்போர் மறக்கக்கூடாத ஆய்வு ஒன்று 1938இல் வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் ஆர்தர் வால்டனும் ஜான் ஹாமண்டும், பாரம் இழுக்கும் பிரம்மாண்டமான ஷயர் குதிரைகளையும் மிகச் சிறிய ஷெட்லாந்து மட்டக்குதிரைகளையும் கலந்தார்கள். உடல் அளவில் அவ்வளவு வேறுபாடு உள்ள இரண்டுக்கும் இயற்கையாகச் சேர்க்கை நடக்காது என்பதால் செயற்கைக் கருவூட்டலைப் பயன்படுத்தினார்கள். ஷயர் தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டி, ஷெட்லாந்து தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடை இருந்தது. இரண்டு கலப்புக்கும் மரபுப் பங்கு ஒன்றேதான். தாயின் கருப்பையே பிறப்பளவைக் கட்டுப்படுத்தியது. பெரிய பொலிக்குதிரையின் விந்தைத் தன் சிறிய பெண்குதிரைக்குப் போடலாமா என்று தயங்குவோருக்கு இன்றும் முதல் விடை இந்த ஆய்வுதான்.

1957இல் கனடாவில் பார்க்கர், காண்டியர் இருவரும் உறையவைத்த விந்தணுவிலிருந்து குட்டி பிறந்ததை அறிவித்தார்கள். 1970களில் ராபர்ட் கென்னி, கொழுப்பு நீக்கிய பால்பொடியும் குளுக்கோசும் சேர்ந்த கரைசலில் விந்தைக் கலந்து காக்கும் முறையைப் பரவலாக்கினார். 1980களில் விந்தை மெதுவாகக் குளிர்வித்துக்கொண்டே பயணிக்கும் ‘எக்விடெய்னர்’ பெட்டி வந்தது. கருவூட்டலை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தவை பால்பொடிக் கரைசலும் அந்தப் பெட்டியும்தான்.

பருவத்தின் கணக்கு

மாட்டுக்குச் சினை ஊசி போடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் குதிரையின் கணக்கு புதிதாக இருக்கும். பசுவின் பருவம் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். பருவம் அடங்கிய பிறகே கருமுட்டை வெளிவரும். அதனால் காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி என்ற எளிய விதி அங்கே பலிக்கிறது. பெண்குதிரைக்கு 21 அல்லது 22 நாளுக்கு ஒருமுறை வரும் பருவம் 5 முதல் 7 நாள் நீடிக்கும். பருவம் முடிவதற்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே முட்டை வெளியேறிவிடும். பருவம் என்று முடியும் என்பது முடிந்த பிறகே தெரியும். ஆகவே வெளி அடையாளங்களை மட்டும் நம்பி நாள் குறிப்பவர் இருட்டில்தான் நாள் குறிக்கிறார்.

அந்த அடையாளங்களும் வீட்டில் முழுமையாகத் தெரிவதில்லை. வாலைத் தூக்குவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, பெண்குறியின் உதடுகளைத் திறந்து மூடுவது ஆகியவற்றைப் பெண்குதிரை பெரும்பாலும் பொலிக்குதிரையைக் கண்டால்தான் வெளிப்படுத்தும். தனியாக நிற்கும் குதிரை பருவத்தில் இருந்தும் சும்மா புல் மேய்ந்துகொண்டிருக்கும். குட்டியோடு இருக்கும் தாய், குட்டியைக் காக்கும் கவனத்தில் எதையும் காட்டாமல் இருப்பதும் உண்டு.

பருவகாலமும் கணக்கில் சேரும். பகல் நீளும்போது இனவிருத்திக்குத் தயாராகும் விலங்கு குதிரை. பிரிட்டன் போன்ற வட நாடுகளில் குளிர்காலத்தில் பெரும்பாலான பெண்குதிரைகளின் சினைப்பைகள் ஓய்வில் இருக்கும். வசந்தத்தின் தொடக்கத்தில் ஓர் இடைக்காலம் வரும். அப்போது பருவ அடையாளம் வாரக்கணக்கில் நீளும், முட்டை மட்டும் வெளிவராது. வீட்டில் முயல்வோர் பலரின் முதல் விந்துப் பெட்டி இந்த இடைக்காலத்தில்தான் வீணாகிறது. டிசம்பர் தொடக்கத்திலிருந்து நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கச் செய்தால் இரண்டு, மூன்று மாதத்தில் சுழற்சியை முன்கூட்டியே தொடங்கவைக்கலாம். பந்தயக் குதிரைப் பண்ணைகளுக்கு அந்த அவசரம் உண்டு. மட்டக்குதிரைக்கு மே, ஜூன் வரை பொறுப்பதே நல்லது. அப்போது சுழற்சி சீராக இருக்கும். குட்டியும் அடுத்த ஆண்டு இளவெயிலும் புல்லும் உள்ள காலத்தில் பிறக்கும்.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் தீர்வு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மலக்குடல் வழியே கருவியைச் செலுத்தி, முட்டைப்பை எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது, கருப்பைச் சுவர் எவ்வளவு வீங்கியிருக்கிறது, உள்ளே நீர் தேங்கியிருக்கிறதா என்பதை மருத்துவர் பார்ப்பார். முட்டைப்பை ஏறக்குறைய 35 மில்லிமீட்டரைத் தொட்டதும், முட்டையை வெளியேற்றும் ஹார்மோன் ஊசியைப் போட்டால் பெரும்பாலும் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் முட்டை வெளிவரும். மட்டக்குதிரைகளில் இதைவிடச் சிறிய அளவிலேயே முட்டை வெளியேறுவது உண்டு என்பதால், பெரிய குதிரையின் அளவுக்காகக் காத்திருந்தால் நேரம் தவறிவிடும். சென்ற பருவத்தில் எந்த அளவில் முட்டை வெளிவந்தது என்ற குறிப்பு கையில் இருந்தால், அந்தக் குதிரைக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

மூன்று வகை விந்து

வீட்டில் எவ்வளவு சாத்தியம் என்பது எந்த வகை விந்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதல் வகை, எடுத்த உடனே பயன்படுத்தும் புதிய விந்து. பெண்குதிரையின் உடலுக்குள் இது இரண்டு, மூன்று நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். நேரக் கணிப்பில் சிறு பிழை நேர்ந்தாலும் பலன் கிடைக்கும். பொலிக்குதிரை அருகிலேயே இருக்க வேண்டும் என்பதால், சொந்தப் பண்ணை உள்ளவர்களுக்கே இது பொருந்தும்.

இரண்டாவது வகை குளிரூட்டிய விந்து. மட்டக்குதிரை வைத்திருக்கும் சாதாரணக் குடும்பத்துக்கு ஏற்றது இதுதான். சேகரித்த விந்தைக் கரைசலில் கலந்து, சுமார் 5 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகக் குளிர்வித்து அனுப்புவார்கள். அவசரப்பட்டுக் குளிர்வித்தால் விந்தணுவின் சவ்வு சிதைந்துவிடும். 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துவது உத்தமம்; நல்ல பொலிக்குதிரையின் விந்தாக இருந்தால் 48 மணி நேரமும் தாங்கும். அனுப்பும்போது ஒரு முறைக்கு 100 கோடி இயங்கும் விந்தணுக்களை வைப்பது வழக்கம். மறுநாள் வந்து சேரும்போது அதில் பாதியாவது உயிரோடு இருக்க வேண்டும் என்பது கணக்கு. முட்டை வெளிவருவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும். பொலிக்குதிரைப் பண்ணைகள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் விந்து சேகரிக்கும். ஸ்கேன், ஹார்மோன் ஊசி, விந்து சேகரிப்பு, கூரியர் நான்கும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் எத்தனையோ நல்ல பருவங்களைக் கைநழுவ விட்டிருக்கின்றன.

மூன்றாவது வகை, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கும் உறைவிந்து. உலகின் எந்த மூலையிலிருந்தும் வரவழைக்கலாம். இறந்துபோன பொலிக்குதிரையின் விந்தும் கிடைக்கும். ஆனால் உருக்கிய பிறகு அதன் ஆயுள் மிகக் குறைவு. முட்டை வெளிவருவதற்கு முந்தைய 12 மணி நேரம், பிந்தைய 6 மணி நேரம் என்ற குறுகிய இடைவெளிக்குள் செலுத்தியாக வேண்டும். அதற்கு இரவும் பகலும் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. காளையின் விந்து உறைநிலையை நன்றாகத் தாங்கும். பொலிக்குதிரைகளில் ஒன்றின் விந்து தாங்கும், இன்னொன்றின் விந்து தாங்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும். நைட்ரஜன் கலன், 37 டிகிரி நீர்த்தொட்டி, நள்ளிரவு ஸ்கேன் எல்லாவற்றையும் வீட்டுக் கொட்டிலுக்குள் கொண்டுவருவதைவிட, அந்த நான்கைந்து நாளுக்குப் பெண்குதிரையை மருத்துவ நிலையத்தில் விடுவதே விவேகம்.

சினை பிடிக்கும் வாய்ப்பும் இதே வரிசையில் இறங்குகிறது. நல்ல நிர்வாகத்தில், ஒரு பருவத்துக்குப் புதிய விந்தில் பத்துக்கு ஆறு ஏழு, குளிரூட்டியதில் ஐந்து ஆறு, உறைவிந்தில் நான்கு ஐந்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரே முயற்சியில் சினை நிற்கும் என்று எண்ணிப் பணம் ஒதுக்கக் கூடாது.

கொட்டிலில் நடப்பது

பிரிட்டனில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்தவர், மருத்துவராக இல்லாவிட்டாலும், பெண்குதிரைக்குக் கருவூட்டல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. மலக்குடல் வழி ஸ்கேன் மருத்துவரின் பணி. ஹார்மோன் ஊசிகளுக்கு அவருடைய மருந்துச்சீட்டு வேண்டும். சட்டம் போட்ட இந்தக் கோடு, உடற்கூறு போடும் கோடும் ஆகும். பெண்குதிரையின் கருப்பை வாய் பருவத்தில் தளர்ந்து திறந்திருப்பதால் குழாயைச் செலுத்துவது பசுவுக்குச் செய்வதைவிட எளிது. மலக்குடல் சுவரோ குதிரைக்கு மிக மெல்லியது. அது கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. ஷெட்லாந்து போன்ற சிறு உடல்களில் அந்த அபாயம் இன்னும் கூடும் என்பதால், சிறிய கையும் நீண்ட அனுபவமும் உள்ள மருத்துவரைத் தேட வேண்டும்.

கருவூட்டல் நாளில் கடைப்பிடிக்க வேண்டியவை சில. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. குதிரையை உறுதியான அடைப்புச் சட்டத்தில் நிறுத்தி, பழகியவர் ஒருவர் தலைப்பக்கம் நிற்க வேண்டும்; சாதுவான குதிரையும் பின்காலால் உதைக்கும். வாலுக்குத் துணி சுற்றி, பெண்குறிப் பகுதியைச் சோப்பும் நீரும் கொண்டு பலமுறை கழுவி, சோப்பு எச்சமில்லாமல் அலசி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். நீரும் சோப்பும் விந்தணுவைக் கொல்லும். உந்துதண்டில் ரப்பர் இல்லாத சிரிஞ்சையே பயன்படுத்த வேண்டும். ரப்பரும் சில வழவழப்புப் பசைகளும் விந்தணுவுக்கு நஞ்சு. விந்தை வெயிலில் காட்டக் கூடாது. மீதம் ஒரு சொட்டை வெதுவெதுப்பான கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சினை நிற்காதபோது காரணம் பெண்குதிரையா, விந்தா என்பதைப் பிரித்தறிய வேறு சான்று கிடைக்காது.

மருந்துகளைக் கையாளும் மனிதர்களின் பாதுகாப்பும் முக்கியம். பருவத்தை வரவழைக்கும் புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியே உறிஞ்சப்படும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. பருவத்தை அடக்கிவைக்கும் ஆல்ட்ரெனோஜெஸ்ட் திரவத்துக்கும் கையுறை கட்டாயம். வீட்டுக் கொட்டிலில் பெண்களும் பிள்ளைகளுமே பெரும்பாலான வேலைகளைச் செய்வதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கருப்பையின் நலம்

விந்து உள்ளே போனதும் கருப்பையில் அழற்சி தோன்றுவது இயல்பு. நல்ல கருப்பை அந்த நீரையும் கிருமியையும் ஒரு நாளுக்குள் வெளியேற்றிவிடும். வயது கூடிய குதிரைகளும், முதல் சினைக்கே தாமதமாக வரும் குதிரைகளும் அப்படி வெளியேற்ற முடியாமல் நீரைத் தேக்கிவைக்கும். ஐந்தாறு நாளில் கருக்குழாயிலிருந்து இறங்கிவரும் கரு அந்த நீரில் பிழைக்காது. சவாரியிலிருந்து ஓய்வு பெற்ற, பதினைந்து வயதைத் தாண்டிய மட்டக்குதிரையே பலர் குட்டி எடுக்க நினைக்கும் குதிரை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மறுநாள் ஒரு ஸ்கேன், தேவைப்பட்டால் கருப்பையைக் கழுவுதல், ஆக்ஸிடோசின் ஊசி ஆகியவை இத்தகைய குதிரைகளுக்கு அவசியம்.

செயற்கை முறை தொற்றை முழுவதும் தடுத்துவிடும் என்று நம்புவதும் தவறு. விந்தோடு பயணிக்கும் கிருமிகள் உண்டு. 1977இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் பரவிய தொற்றுக் கருப்பை அழற்சி, குதிரை இனவிருத்தித் தொழிலையே உலுக்கியது. அதன் பிறகே, பருவம் தொடங்குமுன் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது ஒழுங்கான நடைமுறையானது. குதிரைத் தமனி அழற்சி வைரஸும் விந்து வழியே பரவும். பொலிக்குதிரையின் அந்த ஆண்டுச் சான்றிதழைக் காணாமல் விந்துக்குப் பணம் கட்டக் கூடாது.

மட்டக்குதிரைக்கே உரியவை

பெரிய குதிரைகளுக்கு எழுதிய நூல்கள் பலவும் குறைவாகப் பேசும் பகுதி இது. மட்டக்குதிரை சொற்ப மேய்ச்சலில் பிழைக்கப் பழகிய உடல். வளமான புல்வெளியில் அது எளிதில் கொழுக்கும். கொழுத்ததற்குக் குளம்பு அழற்சி வரும். சினையாக இருக்கும் கொழுத்த மட்டக்குதிரை ஏதோ காரணத்தால் தீனியை நிறுத்தினால், உடற்கொழுப்பு வெள்ளமாக ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலை முடக்கும். ஹைப்பர்லிப்பீமியா எனப்படும் இந்த நோயில் இழப்பு மிக அதிகம். ஷெட்லாந்து இனத்துக்கு இது பெரும் பகை. ஆகவே எடையைச் சினைக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். கடைசி மாதங்களில் பட்டினி போட்டு மெலியவைப்பது கொலைக்குச் சமம். ஒரு வேளை தீனி எடுக்காமல் சோர்ந்து நின்றாலும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

அடுத்தது மரபுநோய். ஃபெல், டேல்ஸ் இனங்களில் குட்டியின் நோய் எதிர்ப்பு சக்தியைச் சில வாரங்களில் அழித்துக் கொல்லும் குறைபாடு இருக்கிறது. கோனமாரா இனத்தில் குளம்புச் சுவர் பிளந்து உதிரும் நோய் உண்டு. இரண்டுமே தாய், தந்தை இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால் மட்டும் குட்டியில் வெளிப்படும். இரண்டுக்கும் இன்று மரபணுப் பரிசோதனை கிடைக்கிறது. பெற்றோர் இருவரில் ஒருவராவது அந்த மரபணு இல்லாதவர் என்று உறுதியானால் குட்டிக்கு நோய் வராது. சில முடிகளைப் பிடுங்கி அனுப்பினால் தெரிந்துவிடும் செய்திக்காக ஒரு குட்டி துன்பப்பட்டுச் சாகக் கூடாது.

சிறு இனங்களுக்குச் செயற்கைக் கருவூட்டல் இருபுறமும் கூரான கருவி. எரிஸ்கே, எக்ஸ்மூர் போன்ற அருகிவரும் இனங்களில், தொலைதூரப் பொலிக்குதிரையின் மரபைக் கொண்டுவந்து உறவுக்கலப்பைக் குறைக்க அது உதவும். 1973இல் தொடங்கிய பிரிட்டனின் அரிய இனங்கள் காப்பு அறக்கட்டளை உறைவிந்தைச் சேமித்துவைப்பதும் இதற்காகவே. அதே முறையில் எல்லோரும் ஒரே பரிசுக் குதிரையின் விந்தை வாங்கினால் இனமே குறுகிப்போகும். வம்சப் பதிவேடுகளின் விதிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதையும் கவனிக்க வேண்டும். பந்தயக் குதிரையான தரோபிரெட்டுக்குச் செயற்கை முறையில் பிறந்த குட்டியைப் பதிவுசெய்யவே முடியாது. மட்டக்குதிரைச் சங்கங்கள் உரிமம், மரபணு அடையாளம் என நிபந்தனைகளை வைக்கும். விந்து வாங்குமுன் சங்கத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவதே முறை.

சினையிலிருந்து ஈற்று வரை

முட்டை வெளிவந்த 14 முதல் 16 நாளுக்குள் முதல் ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. சினை பிடித்ததா என்பதோடு, இரட்டையா என்பதும் அப்போதுதான் தெரியும். குதிரைக்கு இரட்டைச் சினை வரமில்லை. பெரும்பாலும் இரண்டுமே கலைந்துவிடும், தாய்க்கும் ஆபத்து. 16ஆம் நாள் வாக்கில் கருக்கள் கருப்பையில் ஓரிடத்தில் ஊன்றுவதற்கு முன், மருத்துவர் ஒன்றைக் கையால் நசுக்கி மற்றதைக் காப்பாற்றலாம். ஐந்து வாரம் கடந்த பிறகு கருப்பையில் தோன்றும் சிறப்புத் திசுக்கள், சினை கலைந்தாலும் பெண்குதிரையைப் பல வாரங்கள் பருவத்துக்கு வரவிடாது. அந்த ஆண்டே வீணாகும். ஸ்கேன் செலவைச் சேமிக்க நினைப்பவர்கள் இழப்பது இங்கேதான்.

சினைக்காலம் சுமார் 340 நாள்; 320 முதல் 365 வரை இயல்பே. ஹெர்பிஸ் வைரஸால் கரு கலைவதைத் தடுக்க 5, 7, 9ஆம் மாதங்களில் தடுப்பூசி போடுவார்கள். ஈற்று பெரும்பாலும் இரவில் நிகழும், விரைவாக நிகழும். பனிக்குடம் உடைந்த பிறகு குட்டி வெளிவர 20 முதல் 30 நிமிடம். வெண்ணிறச் சவ்வுக்குப் பதிலாகச் சிவந்த பட்டுப்போன்ற சவ்வு முதலில் தெரிந்தால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்று பொருள். அதை உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும். அந்த வேளையில் மருத்துவர் வந்து சேர நேரமிருக்காது. வீட்டாரின் கைதான் உயிர் காக்கும். பிறந்த குட்டி 1 மணி நேரத்தில் எழ வேண்டும், 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். முதல் நாளுக்குள் போதிய சீம்பால் உள்ளே போகாவிட்டால் குட்டிக்கு நோய் எதிர்ப்பு சக்தி கிடைக்காது. ஒரு ரத்தப் பரிசோதனையில் அதை உறுதிசெய்யலாம்.

தீர்ப்பு

வீட்டில் செயற்கைக் கருவூட்டல் சாத்தியம். இளம் வயதும் நல்ல கருப்பையும் கொண்ட பெண்குதிரை, குளிரூட்டிய விந்து, நேரத்துக்கு வரும் மருத்துவர், பயிற்சி பெற்ற கை ஆகிய நான்கும் சேர்ந்தால் பண்ணையில் கிடைக்கும் பலன் வீட்டிலும் கிடைக்கும். முதிய குதிரைக்கும் உறைவிந்துக்கும் மருத்துவ நிலையமே இடம். அருகிலேயே நல்ல பொலிக்குதிரை இருந்தால், பழைய வழியில் அங்கே கொண்டுபோய் விடுவது பல சமயம் எளியதும் மலிவானதும் ஆகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும்: பிறக்கப்போகும் குட்டி யாருக்காக? மட்டக்குதிரை 25, 30 ஆண்டு வாழும். தாயின் மேல் உள்ள பாசம் மட்டுமே குட்டிக்கு நல்ல வாழ்வைத் தந்துவிடாது. நல்ல கால்களும் நல்ல குணமும் உள்ள தாய்க்குப் பிறந்து, நன்றாகப் பழக்கப்பட்ட குட்டிக்குத்தான் பிற்காலத்தில் நல்ல இடம் கிடைக்கும். அந்தத் தகுதி தன் குதிரைக்கு இருக்கிறது என்று நம்புபவர், முதல் வேலையாகப் பருவ நாட்களைக் குறிக்க ஒரு நோட்டுப் போடட்டும். இரவில் அழைத்தாலும் வரும் மருத்துவர் ஒருவரைப் பேசி வைக்கட்டும். இந்த இரண்டும் அமைந்த பிறகு விந்துக்குப் பணம் கட்டினால் போதும்.